தனிப் பருமன்

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கென்றே ஒரு கோபம் உண்டு. அது மே மாதத்தில்தான் வரும். தலைக்குமேல் மின்விசிறி ஆளுக்குக் காற்றைத் தராமல் தாளை மட்டும் பறக்கடிக்கும். சிவப்பு மை உள்ளங்கையில் கசியும். நாட்டிலுள்ள முட்டாள்களெல்லாம் சொல்லிவைத்துக்கொண்டு தன் தாள்கட்டுக்குள்ளேயே வந்து விழுந்திருப்பதாகத் தோன்றும். தபீதாளுக்கு அந்தக் கோபம் முகாமின் இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு வந்தது.

தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில் முகாம். பி.எஸ்ஸி. பௌதிகம் கடைசி வருஷம், வானியற்பியல் என்ற விருப்பத்தாள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு எட்டு மேஜை. தமிழில் எழுதியவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுக்குச் சுவரோரமாக ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அந்தப் பாடத்தைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதிய முதல் கூட்டம் அது என்பதால், அந்தச் சின்னக் கட்டின்மேல் எல்லாருக்கும் ஒரு கண் இருந்தது. இவர்கள் கவிழ்ந்தால் ‘அப்பவே சொன்னோமே’ என்று சொல்ல ஹாலிலேயே பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

ஒரு நாற்காலியில் தபீதாள். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரும்புலியூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். பதினெட்டு வருஷமாகக் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்தக் கேள்வித்தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவளும் அவள்தான். அடுத்த நாற்காலியில் லோகநாயகி, வேறொரு கல்லூரி, வேலைக்கு வந்து மூன்றே வருஷம்.

ஏழாம் கேள்வி சிரியஸ் நட்சத்திரத்தைப் பற்றியது. இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் இருப்பதும்கூட. கிட்டம் என்றால், அங்கே புறப்பட்ட வெளிச்சம் இங்கே வந்து சேர எட்டே முக்கால் வருஷம் ஆகிற கிட்டம். கேள்வி இதுதான்:

“சிரியஸின் புறப்பரப்பு வெப்பநிலை 10,000 டிகிரி. அது சூரியனைப்போல் 23 மடங்கு ஒளி வீசுகிறது. (அ) அதன் இயற்பியல் பண்புகளை விவரிக்க. (ஆ) அதன் தோற்றப் பருமன் −1.4. தொலைவு 8.7 ஒளியாண்டு எனில், அதன் தனிப் பருமன் காண்க.”

‘அ’ பகுதியைப் பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நீலம் கலந்த வெள்ளை நிறம். சூரியனைப்போல் இரண்டு பங்குக்கு மேல் எடை. கூடவே சுற்றிவருகிற ஒரு துணை நட்சத்திரம், அதன் உருவம் பூமியளவு, எடையோ சூரியனளவு, பெயர் வெள்ளைக் குள்ளன். எல்லாம் சரி.

‘ஆ’ பகுதிக்கு எட்டு மார்க். அதற்கு வர வேண்டிய விடை 1.5. முதல் தாளில் 1.6 என்றிருந்தது. கூட்டல் கழித்தலில் எங்கோ கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று தபீதாள் வழியைப் பார்த்தாள். வழி வேறு ஊருக்குப் போகிற வழி. இருபத்துமூன்றுக்கு வர்க்கமூலம் எடுத்து, வெப்பநிலையை வர்க்கப்படுத்தி, கடைசியில் ‘சூரியனைப்போல் 1.6 மடங்கு’ என்று கோடு போட்டு முடித்திருந்தது அந்தக் கை. பூஜ்யம் போட்டாள். இரண்டாம் தாளிலும் 1.6 மடங்கு. மூன்றாவதிலும். நாலாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், துணை நட்சத்திரத்தின் அளவை அதிலிருந்து கழித்து, ‘இதுவே சிரியஸின் தனிப் பருமன், அதாவது துணையைச் சேர்க்காமல்’ என்று விளக்கமும் கொடுத்திருந்தார். ஐந்தாமவர், ‘கேள்வியில் உள்ள கழித்தல் குறி அச்சுப்பிழை’ என்று தாராளமாக மன்னித்துவிட்டுக் கணக்கைத் தொடங்கியிருந்தார்.

“அக்கா, இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் லோகநாயகி. “கேட்டது ஒண்ணு. எல்லாரும் சைஸைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. நானும் ஒன்பது முட்டை போட்டாச்சு.”

சைஸ் என்ற அந்தச் சொல் தபீதாளின் காதில் விழுந்ததும் கோபம் நின்றுவிட்டது. கேள்வித்தாளை எடுத்து, தான் எழுதியது என்பதை மறந்துவிட்டு, பரீட்சைக்கு உட்கார்ந்தவளாக ஒருமுறை படித்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

டீ கொண்டுவந்த பியூன் மாரி, “இன்னாம்மா, காலைல குட்த்த டீயே அப்டியே கீது?” என்றான்.

“மாரி, பருமன்னா என்ன?”

“பருமனா? நம்ம ஹெட்கிளார்க் ஐயா கீறாரே, அவுருதான். படி ஏறச்சொல்லோ பாக்கணுமே.”

சிரிக்க வேண்டிய இடம். லோகநாயகி சிரித்தாள். தபீதாள் கேள்வித்தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

விஷயம் இதுதான். நட்சத்திரம் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். பிரகாசம் கூடக்கூட எண் குறையும். ரொம்பப் பிரகாசமென்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். எல்லா நட்சத்திரங்களையும் ஒரே தொலைவில் நிறுத்திவைத்தால் எது எவ்வளவு பிரகாசம் என்பதற்கு இன்னோர் எண். ‘ஆ’வில் கேட்டது இந்த இரண்டாவது எண்ணை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் மாக்னிட்யூட் என்று பெயர். தமிழில் படித்த பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இதை ஒளித்தரம் என்று போட்டிருந்தது. பருமன் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

பருமன் தபீதாளின் சொல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூடிய சொல்லாக்கக் குழுவில் அவள் இருந்தாள். கணக்கில் மாக்னிட்யூடுக்குப் பருமன் என்று முடிவாகிவிட்டது, அதே ஆங்கிலச் சொல்லுக்கு வானியலில் வேறொரு தமிழ்ச் சொல் எதற்கு, ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் ஒழுங்கு என்று மூன்று கூட்டத்தில் வாதாடினாள். ஒளித்தரமே இருக்கட்டுமே என்று சொன்னவர்களை உட்காரவைத்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ‘தனி வெப்பநிலை’ என்பதில் ஆப்ஸல்யூட்டுக்காக வரும் தனியை எடுத்து முன்னால் ஒட்டி, தனிப் பருமன். அவளுக்கு அந்தச் சொல்லின்மேல் ஆசையே இருந்தது. கலைச்சொல் பட்டியல் இன்னும் அச்சகத்திலேயே கிடந்தது. பிள்ளைகள் கையில் போய்ச்சேராத பட்டியலிலிருந்து சொல்லை எடுத்துக் கேள்வித்தாளில் வைத்துவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குழுவில் உட்கார்ந்தது அவள். முட்டை வாங்குவது அவர்கள்.

சாயங்காலத்துக்குள் நாற்பத்தொன்றையும் புரட்டிவிட்டார்கள். முப்பத்தொன்பது பேர் அளவைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவும் பெரும்பாலும் சரியாக, அவர்கள் படித்த கேள்விக்கு அதுதான் விடை. ஒரே ஒருவர், ஆங்கில நோட்ஸை உருப்போட்டவராக இருக்கவேண்டும், 1.5 என்று சரியாக எழுதியிருந்தார். இன்னொரு தாள், நம்பர் 7714. அதில் ‘ஆ’ என்று போட்டு, கீழே கோணல் எழுத்தில் ஒரே வரி: ‘இக்கேள்வி பிழை. ஒரு விண்மீனின் பருமன் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.’ அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

லோகநாயகி காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். அந்த எட்டு மார்க் இல்லாவிட்டால் பத்தொன்பது பேர் தேறமாட்டார்கள்.

“அக்கா, நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன்” என்றாள். “வேற மேஜைக்காரங்க யாரும் தமிழ்த்தாளைத் தொடப்போறதில்ல. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது?”

அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால்தான் தபீதாளுக்கு அது ரொம்ப நேரம் பிடித்திருந்தது.

ஆறே முக்காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் இரும்புலியூரைப் பார்க்க நடந்தாள். மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. லாரிப் புழுதிக்கு மேலே தென்மேற்கில் சிரியஸ் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. பதினெட்டு வருஷமாக வகுப்பில் படம் போட்டுக் காட்டிய நட்சத்திரம். அதற்கு நிறம் இருந்தது, துடிப்பு இருந்தது. பருமன் இல்லை. எந்தப் பெரிய தொலைநோக்கியை வைத்துப் பார்த்தாலும் அது புள்ளிதான். வெறுங்கண்ணால் பார்க்கிற எவனுக்காவது அதைப் பருமன் என்று சொல்லத் தோன்றுமா? மூன்று கூட்டத்திலும் ஒருமுறையாவது ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்திருக்கலாம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். சொன்னால் குழுவிலிருந்து பெயர் போய்விடும். அதைவிட, தமிழில் சயன்ஸ் முடியாது என்கிறவர்களுக்குத் தன் கையாலேயே கரும்பைத் தின்னக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் பத்தொன்பது பேர். இந்தக் கணக்குக்கு மாத்திரம் எந்தப் பட்டியலிலும் விடை இல்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு முதன்மைத் தேர்வாளர் தோத்தாத்ரியின் மேஜைமுன் போய் நின்றாள். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். தமிழ்வழிக்கு அவர் விரோதி என்று சொல்லமுடியாது. அதை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தமிழ் சறுக்கியதைக் கேட்டு அவர் முகம் மலரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். மலரவில்லை.

“உக்காருங்கோ” என்றார். “டிக்ஷனரியில மாக்னிட்யூடுக்கு என்ன போட்டிருக்கு?”

“பருமன்.”

“நீங்க என்ன எழுதினேள்?”

“பருமன்.”

“அப்புறம் தப்பு எங்கே இருக்கு? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கன் நட்சத்திரத்தைப் பார்த்து, பிரகாசமா இருக்கறது பெரிசுன்னு நெனச்சுண்டான். அவன் தப்புதான் இன்னிக்கு மாக்னிட்யூட். இங்கிலீஷ்லயும் அதுக்கு சைஸ்னுதானே அர்த்தம்? நீங்க தப்பையே சரியா மொழிபெயர்த்திருக்கேள். விட்டுடுங்கோ.”

“பிள்ளைங்களுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லிக்கொடுக்கல சார்.”

“அது காலேஜோட பாடு. இதோ பாருங்கோ மிஸ் தபீதாள், தமிழ்க் கேள்வித்தாள்ல யார் கையெழுத்து இருக்கு? என்னோடது. நான் அதைப் படிச்சேன்னா நெனைக்கறேள்? முப்பத்தாறு வருஷ சர்வீஸ். கடைசி மாசத்துல என்னை விசாரணைக்குக் கூப்பிடணுமா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. உடனே அடங்கியும்விட்டது. நேற்று இரவு படுக்கையில் அவளும் அதே பூசணிக்காயை அதே சோற்றுக்குள் தள்ளித் தள்ளிப் பார்த்தவள்தான்.

“நான் ரிப்போர்ட் எழுதித் தரேன் சார்.”

“உங்க பேர்ல மட்டும் எழுதுங்கோ. என்னை இழுக்கவேண்டாம்.”

எழுதினாள். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பது விதி. தமிழில் செய்த தவறை ஆங்கிலத்தில் விளக்க ஒன்றரைப் பக்கம் பிடித்தது. ‘மொழிபெயர்ப்பாளரின் பிழை’ என்ற இடத்தில் கை கொஞ்சம் தயங்கியது. அழுகை வந்தது, அழவில்லை. ரிப்போர்ட் அன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. மூன்றாம் நாள் பதில் வந்தது: ‘ஆ’ பகுதிக்கு விடையளிக்க முயன்றவர்களுக்கு மட்டும் முழு மதிப்பெண் வழங்கலாம்.

முப்பத்தொன்பது முட்டைகளையும் அடித்து எட்டாக்கினார்கள். லோகநாயகி ஒவ்வொன்றையும் அடிக்கும்போது “பொழைச்சுப் போ” என்றாள். கடைசியில் 7714 மிஞ்சியது. மொத்தம் இருபத்தொன்பது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

“இது முயற்சியே பண்ணலையேக்கா” என்றாள் லோகநாயகி. “ஒரே ஒரு வரி. நாம குடுத்தாலும் சீஃப் அடிச்சிடுவார்.”

தபீதாள் எட்டு போட்டாள்.

நினைத்தபடியே தாள் தோத்தாத்ரியிடம் போய் நின்றது. கூப்பிட்டு அனுப்பினார்.

“முயன்றவர்களுக்கு மட்டும்னு ஆர்டர். இவன் எங்கே முயன்றிருக்கான்?”

“படிச்சுப் பாருங்க சார்.”

அவர் படித்தார். பௌதிகத்தைத் தமிழில் படித்துப் பழக்கமில்லாத கண். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார்.

“முப்பத்தொன்பது பேர் என்னை நம்பி எழுதினாங்க” என்றாள் தபீதாள். “இந்த ஆள் என்னை நம்பல. ஃபிஸிக்ஸை நம்பியிருக்கு. என் ரிப்போர்ட்ல நான் ஒன்றரைப் பக்கம் எழுதினதை இது பரீட்சை ஹால்லயே ஒரு வரியில எழுதியிருக்கு. அதுக்கு முட்டை போட்டா, என் ரிப்போர்ட்டுக்கும் சேத்துப் போட்டுடுங்க.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைகள் திரும்பிப் பார்த்தன. தோத்தாத்ரி தாளைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஆங்கிலக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து ஏழாம் கேள்வியாகத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு இன்னொரு கட்டு. எல்லாரும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு 1.5 என்று எழுதியிருந்தார்கள். இதென்ன சைஸ் மைனஸில் இருக்கிறது என்று கேட்டவர் அந்த முந்நூற்றுச் சொச்சத்தில் ஒருவரும் இல்லை.

திரும்பி வந்து எட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ரிப்போர்ட்டின் நகலை எடுத்துவரச் சொன்னார். அவள் கையெழுத்துக்குக் கீழே, தமிழ்க் கேள்வித்தாளைப் படிக்காமலே ஒப்புதல் அளித்தேன் என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார்.

“இதையும் அனுப்பிடுங்கோ” என்றார். “விசாரணைன்னா ரெண்டு நாற்காலியாப் போடட்டும்.”

விசாரணை எதுவும் வரவில்லை. அதற்குப் பதில் ஜூன் தொடக்கத்தில் தபீதாளுக்கு ஒரு கடிதம் வந்தது. கலைச்சொல் குழுவில் இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி, இனி அவர் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்று. அச்சிலிருந்து வந்த பட்டியலில் மாக்னிட்யூடுக்கு நேரே ஒளித்தரம் என்று திருத்தியிருந்தார்கள். குழுவினர் பெயர் வரிசையில் அவள் பெயர் இல்லை. சொல் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. பெயர் போனதில் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மூன்றாம் வாரம் பேப்பரில் ரிசல்ட் வந்தது. தேறியவர்களின் நம்பர்கள் மட்டும் பொடி எழுத்தில், பத்தி பத்தியாக. தம்பி வீட்டு வாசலில் நின்றபடியே தபீதாள் விரலை வைத்து இறங்கினாள். 7709, 7710, 7712, 7713. அதற்கப்புறம் 7716.

அச்சுப்பிழையோ என்று இன்னொரு பேப்பர் வாங்கிப் பார்த்தாள். அதிலும் 7713-க்கு அடுத்தது 7716. வானியற்பியலில் முப்பத்தேழு, அதை அவளே கூட்டியிருந்தாள். அப்படியானால் வேறு ஏதோ ஒரு தாளில் போயிருக்கவேண்டும். எந்தத் தாள்? எந்தக் கேள்வி? பிழையான கேள்வியைப் பிழை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிற அந்தக் கோணல் எழுத்து, வேறு எவர் மொழிபெயர்த்த எந்தக் கேள்விக்குக் கீழே இன்னொரு வரி எழுதியதோ. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர் யாரோ. அவருக்குப் பக்கத்திலும் ‘யாருக்குத் தெரியப்போகுது’ என்று அன்பாகச் சொல்ல ஒரு லோகநாயகி இருந்திருப்பாளோ. அல்லது பையனோ பெண்ணோ, நிஜமாகவே படிக்காமல் போயிருக்கலாம். அதற்கும் இடமுண்டு. ஆனால் பார்க்காமல் எப்படித் தெரியும்?

காலேஜுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினாள். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்து, பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றாகிவிட்டது. அன்று ஜன்னலெல்லாம் கூட்டம். மார்க் குறைந்த பிள்ளைகள், அவர்களுடைய அப்பாக்கள், சித்தப்பாக்கள். தபீதாள் வரிசையில் நின்றாள். மேற்பார்வை அதிகாரிகள் யாரையாவது நேரே போய்ப் பார்த்திருக்கலாம். போன மாதம் வரை அப்படித்தான் போவாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிராமலே ஒரு பாரத்தைத் தள்ளினார்.

“மறுமதிப்பீடா? நம்பர்?”

“7714. எல்லாத் தாளும்.”

“கேண்டிடேட் கையெழுத்து வேணுமே. வரலையா?”

“யாருன்னு எனக்குத் தெரியாது.”

அவர் இப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெயிலில் கறுத்த முகம், கதர்ப் புடவை, கையில் இரண்டு பேப்பர்.

“யாருன்னே தெரியாதா? அப்ப நீங்க இதுல யாரும்மா? அம்மாவா, டீச்சரா?”

“ரெண்டும் இல்ல” என்றாள் தபீதாள். “கேள்வியைத் தப்பாக் கேட்டவ.”